அழித்தலும் ஓர் எழுத்தே

ஆக்குதல் அரிது, அழித்தல் எளிது என்பது உலகோர் கொள்கை. ஆயின், பல கணினிகளிற் பரந்து கிடக்கும் தரவுத்தளங்களில் இக்கொள்கை தலைகீழாகிவிடுகின்றது. இலட்சக்கணக்கான பதிவுகளை விரைவிற் சேர்த்தவர்களே, அவற்றைத் தொகுதி தொகுதியாக நீக்கப் புகும்போது நெடுநேரம் காத்திருக்க நேர்கின்றது. இதன் காரணம் யாது? பரிகாரம் யாது? பேஸ்புக் நிறுவனத்தில் உருவாகி, 2008 ஆம் ஆண்டிற் பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிடப்பெற்ற கசாண்ட்ரா என்னும் தரவுத்தளத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இத்தகைய தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் பெரும்பாலும் மூன்று பிரதிகள் வெவ்வேறு கணினிகளிற் பேணப்படும். ஒரு பாடசாலையின் மாணவர் இடாப்பும் அவ்வாறே மூன்று இடங்களில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவன் விலகுகின்றான். இரண்டு பிரதிகளில் அவன் பெயர் சுவடின்றிச் சுரண்டி நீக்கப்படுகின்றது. மூன்றாம் இடத்து இலிகிதரோ அன்று விடுமுறை. அவர் திரும்பி வந்து பிரதிகளை ஒப்புநோக்கும்போது, தம்மிடம் உள்ள பெயர் ஏனைய இரண்டிலும் தவறுதலாக விடுபட்டதென்று கருதி, அதனை அங்கும் எழுதிவிடுவார். விலகிய மாணவன் மீண்டும் இடாப்பேறிவிடுவான்! பெயரைச் சுரண்டாது, சிவப்பு மையாற் கோடிட்டுத் திகதியும் குறித்திருந்தால் இக்குழப்பம் நேராது.

கசாண்ட்ரா செய்வதும் இதுவே. அதன் கோப்புகள் ஒருமுறை எழுதப்பட்டபின் திருத்தப்படுவதில்லை. ஆகவே, நீக்கும் கட்டளை வந்ததும், ‘இப்பதிவு இன்ன நேரத்தில் நீக்கப்பட்டது’ என்னும் புதிய குறிப்பொன்று எழுதப்படுகின்றது. இக்குறிப்பைக் கல்லறைக் கல் என்று வழங்குவர். இயல்பான அமைப்பின்படி இக்கல் குறைந்தது 10 நாட்கள் நிற்கும். அதன்பின், கோப்புகள் ஒன்றாக்கிச் சுருக்கப்படும் வேளையிலேயே கல்லும் பழைய பதிவும் அகலும்.

தாமதத்தின் முதற் காரணம் இங்கேதான் உள்ளது. நீக்க வேண்டியவற்றைத் தேடி வாசித்து, ஒரு தொகுதியை நீக்கி, மீண்டும் தொடக்கத்திலிருந்தே வாசிப்போர் பலர். ஒவ்வொரு முறையும் முன்னர் நட்ட கற்கள் அனைத்தையும் கடந்தே அடுத்த பதிவை அடைதல் வேண்டும். எனவே, வேலை செல்லச் செல்ல வேகம் குன்றும். டிஸ்கோர்ட் என்னும் செய்திப் பரிமாற்ற நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் இத்தகைய அனுபவமொன்றை வெளியிட்டது. இலட்சக்கணக்கான செய்திகள் நீக்கப்பட்டு ஒரேயொரு செய்தி எஞ்சிய பகுதியைத் திறக்க 20 வினாடிகள் சென்றனவாம்.

இரண்டாம் காரணம், கட்டளைகளைக் கட்டுக்கட்டாக அனுப்புதல். கட்டாக அனுப்பினால் விரைவு மிகும் என்பது பொதுவான எண்ணம். ஆனால், கசாண்ட்ராவில் இக்கட்டின் நோக்கம் விரைவன்று. அனைத்தும் நிறைவேற வேண்டும் என்னும் உறுதியே. வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த பதிவுகள் ஒரு கட்டில் இருந்தால், அதனைப் பெறும் கணினி முதலிற் கட்டின் நகலை வேறு கணினிகளிற் காப்பாக எழுதிவைத்து, பின்னரே உரிய இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கும். பலரது சுமையும் ஒருவர் தலையில் ஏறுகின்றது.

ஆதலின், குறையை ஆராய்வோர் மூன்றை நோக்குதல் வேண்டும். ஒரு கட்டில் எத்தனை பிரிவுகள் கலந்துள்ளன? ஒரு வாசிப்பில் எத்தனை கற்கள் எதிர்ப்படுகின்றன? இயல்பான அமைப்பில் 1000 கற்களைக் கடந்தால் எச்சரிக்கை பதிவாகும். 100000 ஐக் கடந்தால் வாசிப்பே கைவிடப்படும். கோப்புகளைச் சுருக்கும் வேலை தேங்கிக் கிடக்கின்றதா?

பரிகாரங்களும் தெளிவானவை. ஒரு பிரிவு முழுவதும் வேண்டாததெனின், அதனை ஒரே கட்டளையால் நீக்கலாம். ஆயிரம் கற்களுக்குப் பதிலாக ஒரு கல்லே போதும். பல பிரிவுகளின் பதிவுகளைக் கட்டாது, தனித்தனிக் கட்டளைகளாக அளவோடு அனுப்பலாம். தேடலை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காலாவதியாகும் தரவுகளைக் காலவாரியாகக் கோப்புகளிற் பிரித்துவைத்தால், காலம் முடிந்ததும் முழுக்கோப்பையும் அகற்றிவிடலாம்.

கற்களின் ஆயுளைக் குறைத்தால் என்ன என்று சிலர் எண்ணுவர். டிஸ்கோர்ட் நிறுவனம் 10 நாட்களை 2 நாட்களாகக் குறைத்தது உண்மையே. ஆயின், அங்கே பிரதிகளை ஒப்புநோக்கிச் சீர்செய்யும் பணி ஒவ்வோர் இரவும் நடைபெற்றது. அப்பணியின்றி ஆயுளை மட்டும் குறைத்தால், செயலிழந்திருந்த கணினி மீளும்போது நீக்கிய பதிவுகள் உயிர்த்தெழும். தம் கடிதத்தையோ நோய்க் குறிப்பையோ நீக்குமாறு வேண்டிய ஒருவருக்கு அது நம்பிக்கைத் துரோகமாகும். தாமதம் பொறுக்கத்தக்கது, நீக்கியது மீள்வது பொறுக்கத்தக்கதன்று. கல்லைப் பெயர்க்குமுன், எல்லாப் பிரதிகளும் அதனைக் கண்டனவா என உறுதிசெய்தலே முதற் கடமையாகும்.