எண்ணத்தின் மீதான அச்சம்

பணியில் இருந்த காலத்தில் என்னிடம் பொருளியல் பயின்ற மாணவி ஒருவர், தாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பார். வரவு செலவுக் கணக்கைப்போல நேர்த்தியாக இருந்த அந்தக் குறிப்பேட்டைத் தற்செயலாகப் பார்த்த நான், "இத்தகைய கட்டுப்பாடு எல்லாருக்கும் வாய்க்காது" என்று வகுப்பறையிலேயே பாராட்டினேன். அடுத்த பருவத் தேர்வை எழுத அவர் வரவில்லை. உண்ணல் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்.

பல மாதங்களுக்குப் பின் உடல் தேறித் திரும்பிய அவர் கூறியது இன்றும் நினைவில் நிற்கிறது. "சோற்றை விட்டுவிட முடிந்தது ஐயா. சோற்றைப் பற்றிய நினைப்பை விடத்தான் முடியவில்லை. அந்த நினைப்பு வந்தாலே தோற்றுவிட்டதாகத் தோன்றும்" என்றார். நான் பாராட்டியது ஒரு நோயின் அறிகுறியை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் சொன்னதன் பொருளை எனக்கு விளக்கியது, பொருளியல் நூல் ஒன்று வாயிலாக அறிமுகமான பழைய ஆய்வு. பற்றாக்குறை மனித மனத்தை என்ன செய்கிறது என்பதை ஆராயும் 'ஸ்கேர்சிட்டி' என்ற நூலை செந்தில் முல்லைநாதனும் எல்டர் ஷஃபீரும் இணைந்து எழுதினர், 2013-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது.

போரில் ஆயுதம் ஏந்த மறுத்த, நல்ல உடல்நலமும் மனநலமும் கொண்ட 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர்களுக்கு அரை வயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடல் மெலிந்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அவர்களது சிந்தனை முழுவதையும் உணவு ஆக்கிரமித்துக் கொண்டது. அரசியலிலும் படிப்பிலும் நாட்டம் குறைந்தது. சிலர் சமையல் நூல்களைச் சேகரித்து மணிக்கணக்கில் படித்தனர். உணவு மீண்டும் வழங்கப்பட்ட பிறகும் சிலருக்கு எவ்வளவு உண்டாலும் நிறைவு ஏற்படவில்லை.

பட்டினி கிடப்பவர் உணவையே நினைப்பார் என்பது உடலின் இயல்பு. அந்த நினைப்புக்கு அவர் என்ன பொருள் கொள்கிறார் என்பதே அடுத்த கேள்வி. "உடல் உணவு கேட்கிறது" என்று ஒருவர் எண்ணலாம். "எப்போதும் உணவையே நினைக்கிறேன், என் மனம் என் கட்டுப்பாட்டில் இல்லை, இதை அடக்காவிட்டால் என்ன ஆவேனோ" என்று மற்றொருவர் அஞ்சலாம். முதலாமவர் உண்பார். இரண்டாமவர் கட்டுப்பாட்டை நிலைநாட்ட உணவை மேலும் குறைப்பார்; பசி கூடும்; நினைப்பும் கூடும்; அச்சமும் கூடும். இது கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவதைப் போன்ற சுழல்.

நம் சிந்தனையைப் பற்றி நாமே கொண்டிருக்கும் இத்தகைய நம்பிக்கைகளை 'மீயறிதல்' என்ற தலைப்பின்கீழ் உளவியலாளர்கள் ஆராய்கின்றனர். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1970-களில் இக்கருத்தை வகுத்தார். குழந்தைகள் தங்கள் நினைவாற்றலைப் பற்றி என்ன அறிந்திருக்கிறார்கள் என்பதில் தொடங்கிய ஆய்வு அது. அதனை மனநலத் துறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பிரிட்டனைச் சேர்ந்த ஏட்ரியன் வெல்ஸ். ஜெரால்டு மேத்யூஸுடன் இணைந்து 1994-இல் அவர் முன்வைத்த கோட்பாட்டின்படி, துன்பம் தரும் எண்ணம் எவருக்கும் வந்து போகும். அதைப் பிடித்துவைத்து நோயாக வளர்ப்பது, அந்த எண்ணத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள நம்பிக்கை.

இந்த நம்பிக்கைகளை அளக்க உருவாக்கப்பட்ட வினாநிரல் ஐந்து கூறுகளைப் பார்க்கிறது. கவலைப்படுவது நன்மை தரும் என்ற எண்ணம். கவலை கட்டுக்கடங்காதது, ஆபத்தானது என்ற எண்ணம். தன் நினைவாற்றலின் மீதான நம்பிக்கையின்மை. எண்ணங்களை அடக்கியே ஆக வேண்டும் என்ற எண்ணம். தன் மனத்தைத் தானே ஓயாது கண்காணிக்கும் பழக்கம் என்பன அவை. உண்ணல் கோளாறு உள்ளவர்களிடம், குறிப்பாக அனோரெக்ஸியா நோயாளிகளிடம், கவலையைக் கட்டுப்படுத்த இயலாது என்ற அச்சமும் எண்ணங்களை அடக்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் மற்றவர்களைவிட மிகுதியாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

'அனோரெக்ஸியா' என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் பசியின்மை. ஆனால், இந்நோயாளிகள் பலருக்குப் பசி இருக்கிறது. அதனுடன் அவர்கள் போரிடுகிறார்கள். 'புலிமியா' என்ற சொல்லுக்கோ மாட்டுப்பசி என்று பொருள். அளவின்றி உண்டுவிட்டு, உண்டதை வெளியேற்ற முயலும் அந்நோயிலும் எண்ணமே மையமாகிறது. வேதனை தரும் எண்ணங்களிலிருந்து சிறிது நேரம் தப்பிக்க உண்பது உதவும் என்று மனம் நம்புகிறது. தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது என்றும் அதே மனம் நம்புகிறது. ஒரு நம்பிக்கை உள்ளே இழுக்கிறது. மற்றொன்று வெளியேறும் கதவை அடைத்துவிடுகிறது.

கொழுப்பு மிகுந்த பண்டத்தை உண்பதாக நினைத்தாலே உடல் பருத்துவிட்டதாக உணர்வதும், அவ்வாறு நினைத்ததே ஒழுக்கக் கேடு என்று கருதுவதும் இந்நோயாளிகள் சிலரிடம் உண்டு. நினைப்பும் நிகழ்வும் ஒன்றெனக் கலந்துவிடும் இந்நிலையை ரோஸ் ஷாஃப்ரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999-இல் விவரித்தனர்.

அப்படியானால், எண்ணத்தை அடக்கிவிட்டால் போதாதா? போதாது. 1987-இல் டேனியல் வெக்னர் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் கூறப்பட்டது. அவர்களால் அதை நினைக்காமல் இருக்க இயலவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலேயே அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக நினைத்தனர். "அதையெல்லாம் நினைக்காதே" என்று நாம் நல்லெண்ணத்துடன் கூறும் அறிவுரை ஏன் பயன் தருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு பண்புகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பது பொருளியல் மாணவர்களின் முதல் பாடம். மின்னசோட்டா இளைஞர்களின் மனத்தைப் பட்டினியே மாற்றியது. எனவே, எண்ணம் நோயை வளர்ப்பதுபோல, நோயும் எண்ணத்தை வளர்க்கக் கூடும். மரபுக் கூறுகள், குடும்பச் சூழல், மெலிந்த உடலே அழகு என்ற சமூக அழுத்தம் எனப் பல காரணிகளும் உண்டு. உடல் எடை மீள்வதே சிகிச்சையின் முதற்படி. அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையும், வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தை இணைத்து அளிக்கப்படும் சிகிச்சையும் நன்கு நிலைபெற்றவை. எண்ணங்களுடன் போரிடாமல் அவை வந்துபோக விடப் பயிற்றுவிக்கும் மீயறிதல் சிகிச்சை, உண்ணல் கோளாறுகளைப் பொருத்தவரை வளர்ந்துவரும் அணுகுமுறையாகும்.

இதில் காலத்தாழ்ச்சி கூடாது. உலகப் புகழ்பெற்ற பாடகி கேரன் கார்பென்டர் 1983-இல் அனோரெக்ஸியாவால் இதயம் பாதிக்கப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 32.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வதைப் போற்றும் சமூகம் நம்முடையது. மனத்தை அடக்குவது நமக்கு அறம். அதனாலேயே, உணவைக் குறைத்துக்கொண்டு தனிமையில் ஒதுங்கும் பிள்ளையை நோயாளியாகப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. "மெலிந்து அழகாகிவிட்டாய்" என்று பாராட்டுகிறோம். அல்லது "பிடிவாதம்" என்று கடிந்துகொள்கிறோம். "உன் மனத்தில் என்ன ஓடுகிறது? அது உன்னை அச்சுறுத்துகிறதா?" என்று கேட்பதில்லை. கேட்டால் சிலர் மனம் திறப்பார்கள். அடுத்து, தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

அந்த மாணவி இப்போது ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறார். உணவைப் பற்றிய நினைப்பு இப்போதும் வருமா என்று அண்மையில் கேட்டேன். "வரும் ஐயா, வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவேன்" என்றார். அன்று நான் பாராட்டிய கட்டுப்பாட்டைவிட இது உயர்ந்தது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).