கண்டிகோட்டா: நடை கொஞ்சம், காட்சி பெரிது

ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது கண்டிகோட்டா. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் தயங்காமல் போகலாம். கோட்டைக்குள் ஜாமியா மசூதியையும் அதன் பக்கத்திலுள்ள தானியக் களஞ்சியத்தையும் தாண்டி, பாறைகள் மேல் சற்று நடந்தால் போதும். தரை சட்டென்று முடிந்துவிடும். ஏறத்தாழ 300 அடி கீழே பெண்ணாறு வளைந்து போகும்.

இந்த ஆறு நமக்கு அந்நியமல்ல. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில்தான் இதுவும் பிறக்கிறது, நம் தென்பெண்ணையும் பிறக்கிறது. தென்பெண்ணை கிருஷ்ணகிரி வழியாகக் கடலூருக்கு வருகிறது. வடக்கே போன இந்த ஆறோ எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது.

விளிம்பில் நிற்கும்போது ஆற்றைவிடப் பாறையைக் கவனியுங்கள். பலரும் இதைக் கிரானைட் என்கிறார்கள், உண்மையில் குவார்ட்சைட். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த மணல், அடுக்கின் மேல் அடுக்காக இறுகிக் கல்லானது. அடுக்குகள் படுக்கையாக இருக்கின்றன. அவற்றை மேலிருந்து கீழாக வெடிப்புகள் வெட்டுகின்றன. அதனால் பாறை உடையும்போது சதுரம் சதுரமாகக் கழன்று விழுகிறது. கரை சரிவாக இல்லாமல், யாரோ கல் அடுக்கிக் கட்டிய சுவர்போல் செங்குத்தாக நிற்பதற்கு இதுவே காரணம். இது தெரிந்து பார்த்தால் அரைமணி நேரம்கூட அங்கே போதாது.

ஒருபுறம் இப்படி ஒரு பள்ளத்தாக்கே அகழியாக அமைந்துவிட்டதால்தான் இங்கே கோட்டை எழுந்தது. பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இந்தக் கோட்டையைக் கோல்கொண்டாவின் அமைச்சர் மீர் ஜும்லா கைப்பற்றினார். பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவர்னியே 1652இல் அவரை இங்கேதான் சந்தித்தார். கோட்டைக்குள் இருக்கும் மாதவராயர் கோயிலின் கோபுரத்தை மட்டுமாவது பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

சென்னை–மும்பை ரயில் பாதையிலுள்ள முத்தனூரு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக வரலாம். கோட்டைக்கு அருகே ஆந்திர சுற்றுலாத் துறையின் விடுதி இருக்கிறது. ஓர் இரவு தங்குவதே நல்லது என்பேன். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில்தான் பாறையின் செம்மையும் அடுக்குகளின் நிழலும் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் வெளிறிவிடும். கோடையிலோ 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போங்கள். தண்ணீரும் வழுக்காத செருப்பும் அவசியம்.

விளிம்பு நெடுகத் தடுப்பு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் படத்துக்காக முனைக்குப் போக வேண்டாம். நாலடி தள்ளி நின்றாலும் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும்.