உயிரிழப்பும் நட்டஈடும்

ஒருவனுடைய கையை முறித்தவன் பணம் கொடுக்கவேண்டும். உயிரையே போக்கியவன் அவன் குடும்பத்துக்கு ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை. இப்படியும் ஒரு சட்டம் இருந்திருக்குமா என்று நேயர்கள் வியக்கலாம். குற்றத்துக்குரிய தண்டனை வேறு. நட்டஈட்டைப் பொறுத்தவரை, ஆங்கில நாட்டிலே 1846ஆம் ஆண்டு வரையில் இதுவே சட்டமாயிருந்தது.

1808இல் ஒரு வழக்கு எழுந்தது. குதிரை வண்டியொன்று குடைசாய்ந்து, அதன் மேற்றட்டில் அமர்ந்து சென்ற கணவனும் மனைவியும் காயமுற்றனர். ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின் மனைவி இறந்தாள். கணவன் மதுச்சாலை நடத்தியவன். அத்தொழிலில் அவளே அவனுக்குப் பெருந்துணை. வழக்கை விசாரித்த எலன்பரோ பிரபு யூரிமாருக்கு விளக்கம் கூறினார்: கணவனுடைய காயங்களுக்குப் பணம் அளிக்கலாம், அவள் உயிரோடிருந்த அந்த ஒரு மாதத்தில் அவன் இழந்த துணைக்கும் பட்ட மனவேதனைக்கும் அளிக்கலாம், அவள் கண்மூடிய கணத்தோடு கணக்கு முடிந்தது. மனித உயிரின் இழப்பைத் தீங்கெனக் கொண்டு குடியியல் நீதிமன்றத்தில் முறையிட இயலாதாம்! கிடைத்தது 100 பவுண்.

புகையிரதம் வந்தபின் இக்கொடுமை மறைக்க முடியாததாயிற்று. 1841 டிசம்பர் 24ஆம் நாள் சோனிங் என்னுமிடத்தில் மண்சரிவில் வண்டி மோதி, திறந்த பெட்டிகளிற் சென்ற ஏழைப் பயணிகள் பலர் மாண்டனர். மரணம் விளைத்த பொருள் அரசுக்குரியதாகும் என்ற பழைய வழக்கப்படி, மரண விசாரணை யூரிமார் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்குமாக 1000 பவுண் விதித்தனர். விதவைக்கோ பிள்ளைக்கோ உரிய பணமன்று அது. 1846இல் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டே காம்பெல் பிரபுவின் முயற்சியால், இறந்தவனின் மனைவி மக்களும் பெற்றோரும் நட்டஈடு பெற வழிசெய்யும் சட்டமும் நிறைவேறியது.

இலங்கையின் நிலை வேறு. டச்சுக்காரர் இங்கு கொணர்ந்த உரோமன் டச்சுச் சட்டத்தை, 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் பிரித்தானியரும் நிலைக்கவிட்டனர். அச்சட்டத்தின் பேராசிரியராகிய குரோசியஸ் 1631இல் வெளிவந்த தமது நூலிலேயே, கொன்றவன் விதவைக்கும் பிள்ளைகளுக்கும், இறந்தவன் தன் உழைப்பால் தாங்கிவந்த பிறருக்கும் ஈடுசெய்யவேண்டும் என்று விதித்திருந்தார். ஆங்கில நாடு 1846இல் கண்டது இதனைத்தான்.

எனினும் இரு சட்டங்களும் முதலில் ஈடுசெய்தது பிழைப்பின் இழப்பையேயன்றித் துயரத்தையன்று. இறந்தவன் உழைத்தது எவ்வளவு, தனக்கெனச் செலவிட்டது போகக் குடும்பத்துக்குக் கொடுத்தது எவ்வளவு, இன்னும் எத்தனை ஆண்டு உழைத்திருப்பான் என்பனவே கணக்கு. ஆங்கில நாடு 1982இல் கணவன் மனைவியர்க்கும், வயதுவராத பிள்ளையை இழந்த பெற்றோர்க்கும் துயரத்துக்கென ஒரு நிர்ணயத் தொகையைச் சேர்த்தது. இலங்கையில் 2019ஆம் ஆண்டு வரையில் உரோமன் டச்சு முறையில் தங்கிவாழ்வோர் கேட்கக்கூடியதாயிருந்தது பொருளிழப்பை மாத்திரமே. ஒரு காசும் உழைத்தறியாத குழந்தை வண்டியில் அடிபட்டு இறந்தால், தாய் தந்தையர் கணக்கில் எழுதுவதற்கு ஈமச் செலவைத் தவிரப் பெரிதாக ஒன்றும் அன்று இருக்கவில்லை.