கல்குவாரித் துகளிலிருந்து நுரைக் கண்ணாடி: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

மண்ணூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எனத் தொழிற்கூடங்கள் செறிந்த திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் கட்டுமானம் ஜல்லியையும் எம்-சாண்டையும் சார்ந்துள்ளது. கல் உடைக்கும்போது எஞ்சும் நுண்துகள் முழுவதையும் கான்கிரீட் ஏற்பதில்லை. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 383:2016 தரவரையறை, உடைகல் மணலில் 75 மைக்ரானைவிட நுண்ணிய துகளை 15 விழுக்காட்டுக்குள் வரையறுக்கிறது. மிஞ்சிய துகள் காற்றில் பறந்தால் அதிலுள்ள படிகச் சிலிக்கா நுரையீரலைத் தாக்கும். இத்துகளை வெப்பக்காப்புப் பொருளாக்கும் வழிமுறையையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நுரைத்தலின் இயல்பு

கண்ணாடித் தூளுடன் கரி, சிலிக்கான் கார்பைடு, சுண்ணாம்புக்கல் தூள் ஆகியவற்றுள் ஒன்றைச் சிறிதளவு கலந்து, 800 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவர். இளகிய கண்ணாடிக்குள் வெளிப்படும் வாயு குமிழ்களாகச் சிறைப்படும். மெல்லக் குளிர்வித்தால் அது விரிசலின்றி இறுகும். இளக்கம் மிகுந்தால் குமிழ்கள் ஒன்றுகூடி உடையும். குறைந்தால் கலவை விரியாது. ஆகவே, வாயு வெளிப்படும் வெப்பநிலையும் கண்ணாடி தக்கவாறு இளகும் வெப்பநிலையும் பொருந்துதல் இன்றியமையாதது.

கல் துகளின் இடர்ப்பாடு

கிரானைட் வகைப் பாறைகளில் சிலிக்கா ஏறத்தாழ 70 விழுக்காடு, அலுமினா ஏறத்தாழ 14 விழுக்காடு. சன்னல் கண்ணாடியிலும் சிலிக்கா இதே அளவினதே. ஆயினும் உருகுநிலையைத் தாழ்த்தும் சோடா அதில் ஏறத்தாழ 13 விழுக்காடு உள்ளது. பாறையிலோ சோடா, பொட்டாசு இரண்டும் சேர்ந்தே ஏறத்தாழ 8 விழுக்காடு. எனவே கல் துகள் மட்டும் 900 பாகையில் நுரைக்காது.

இதற்கு இருவழிகள் உள்ளன. சோடா சேர்த்துத் துகளை உயர் வெப்பத்தில் உருக்கிக் கண்ணாடியாக்கியபின் நுரைக்கச் செய்தல் ஒன்று; இதில் கல் மிகுதியாகப் பயன்படும், எரிபொருளும் மிகும். உடைந்த கண்ணாடித் தூளுடன் துகளைக் கலத்தல் மற்றொன்று. இதில் எரிபொருள் குறையும், ஆனால் துகளின் பங்கு கூடக்கூட நுரைத்தல் தளர்ந்து பொருளின் எடை ஏறும்.

இவ்வட்டாரத்தில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. எனினும் தூய உடைகண்ணாடியை உலைக்கே மீள அனுப்புதல் சிறந்தது. நிறமும் மாசும் கலந்த கட்டடக் கண்ணாடியே நுரைத்தலுக்கு ஏற்ற மூலப்பொருள்.

முடிவுரை

நுரைக் கண்ணாடி எரியாது; மூடிய குமிழ்களால் நீரையும் உறிஞ்சாது. வெயில் மிகுந்த இவ்வட்டாரத்தின் கூரைகளுக்கு இப்பண்புகள் பொருந்தும். ஆயினும் கழிவு பயன்பட்டது என்பது மட்டுமே வெற்றியாகாது. உலையில் செலவாகும் ஆற்றலைக் கூரையில் மிச்சமாகும் ஆற்றல் ஈடுசெய்கிறதா என்பதே இதன் உரைகல். கல் துகளின் பங்கை அக்கணக்கைக் கொண்டே வரையறுத்தல் வேண்டும்.