வாத்துக் குஞ்சின் முதல் ஏழு நாள்

நீரில் வாழும் பறவையின் குஞ்சு நீரில் நனைந்து இறக்குமா? அழகு வாத்துகளை வளர்த்துப் பழகியவர்கள் ‘இறக்கும்’ என்றே கூறுவர்.

முதுகில் செம்மஞ்சள் நிறப் பாய்மரம்போல இறகுகள் நிமிர்ந்து நிற்கும் மாண்டரின் வாத்தும், பச்சையும் ஊதாவும் மின்னும் தலையையுடைய கரோலினா வாத்தும் பல நாடுகளில் அழகுக்காக வளர்க்கப்படுகின்றன. முன்னது சீனா, ஜப்பான், கொரியா முதலிய கிழக்காசிய நாடுகளுக்கு உரியது. பின்னது வட அமெரிக்காவுக்கு உரியது. இவற்றின் முட்டைகள் ஏறத்தாழ 30 நாளில் பொரிக்கின்றன. முட்டையைப் பொரிக்க வைக்க ஒரு கருவி போதும். பொரித்த குஞ்சை முதல் வாரம் முழுவதும் உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். திங்கட்கிழமை துள்ளித் திரிந்த குஞ்சுகளில் பாதி, வெள்ளிக்கிழமைக்குள் இறந்துவிடுவதும் உண்டு. உடனே நோய் வந்துவிட்டது என்று எண்ணி மருந்து தேடுகின்றனர். ஆனால், குளிர், பசி, ஈரம் போன்ற எளிய காரணங்களே பல குஞ்சுகளின் உயிரைப் பறிக்கின்றன.

காட்டில் இவ்விரு வாத்துகளும் மரப்பொந்துகளில் முட்டையிடுகின்றன. பொந்து தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் இருக்கலாம். பொரித்த மறுநாளே தாய் கீழே நின்று குரல் கொடுக்கிறது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பொந்தின் விளிம்புக்கு ஏறி வந்து குதிக்கின்றன. எடை மிகக் குறைவு என்பதாலும், உடல் முழுவதும் பஞ்சுபோன்ற தூவி இருப்பதாலும் அவற்றுக்கு அடிபடுவதில்லை. பிறகு தாய் அவற்றை நீர்நிலைக்கு அழைத்துச் செல்கிறது. இரை இருக்கும் இடத்திற்கு நடத்துகிறது. நீந்திக் களைத்தவற்றைச் சிறகடியில் வைத்து உலர்த்துகிறது. கருவியில் பொரித்த குஞ்சுக்கு இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை. தாய் செய்யும் வேலைகளை வளர்ப்பவரே செய்ய வேண்டியுள்ளது.

வளர்ந்த வாத்தின் வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உள்ளது. வாத்து தன் அலகால் அந்த எண்ணெயை எடுத்து இறகுகளில் பூசிக்கொள்கிறது. சின்னஞ்சிறு குஞ்சிடம் இந்த வசதி இன்னும் முழுமை பெறவில்லை. ஆழமான பாத்திரத்தில் இறங்கினால் அதன் தூவி நனைந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். உடல் வெப்பம் விரைவாகக் குறையும். நடுங்கத் தொடங்கிய குஞ்சு சில மணி நேரத்தில் சாய்ந்துவிடலாம். அதற்காகத் தண்ணீரே வைக்காமல் இருப்பதும் தவறு. நீர் இல்லாமல் உலர்ந்த தீவனத்தைத் தின்றால் குஞ்சின் தொண்டை அடைத்துக்கொள்ளும். மேலும், நாசித் துளைகளைக் கழுவிக்கொள்ள அலகை நீரில் அமிழ்த்த வேண்டும். எனவே, சிறு கிண்ணத்தில் கூழாங்கற்களைப் பரப்பி, கற்களின் இடையே நீர் ஊற்றி வைக்கலாம். அலகு நனையும், உடல் நனையாது.

அடுத்தது வெப்பம். முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை தேவைப்படும். பிறகு வாரந்தோறும் மூன்று பாகை அளவு குறைக்கலாம். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பகலும் இரவும் மின்விளக்கை எரியவிடச் சொல்கின்றன. மலேசியாவில் அதை அப்படியே பின்பற்றினால் ஆபத்து. நண்பகலில் இங்கு வெளியிலேயே 32 பாகை இருக்கும். அதோடு விளக்கும் எரிந்தால் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். மாறாக, விடியற்காலையில் வெப்பம் 24 பாகைக்கும் இறங்கும். அப்போதுதான் விளக்கு மிகவும் தேவை. விளக்கைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிட்டால், வேண்டிய இடத்தைக் குஞ்சுகளே தேர்ந்துகொள்ளும். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டால் குளிர்கிறது என்று பொருள். வாயைத் திறந்து மூச்சிரைத்து விலகி நின்றால் சூடு அதிகம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் நடத்தையே நம்பத்தக்கது.

பசியால் இறப்பதுதான் பலரையும் வியக்க வைக்கும் செய்தி. தட்டு நிறையத் தீவனம் இருக்கும். அருகிலேயே குஞ்சு பட்டினி கிடக்கும். வீட்டு வாத்தின் குஞ்சு தீவனத்தைக் கண்டதும் கொத்தத் தொடங்கிவிடும். மாண்டரின் குஞ்சோ அசையாத தூளை உணவென்றே அறியாது. அசையும் பூச்சியும் மின்னும் நீர்த்துளியுமே அதன் கண்ணைக் கவரும். பொரிப்பதற்குச் சற்றுமுன் முட்டையின் எஞ்சிய மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. ஓரிரு நாளுக்கு அதுவே உணவு. இதனால் ஒன்றும் தின்னாத குஞ்சும் முதல் இரண்டு நாள் சுறுசுறுப்பாக ஓடும். வளர்ப்பவர் ஏமாந்துபோவது இங்கேதான். மஞ்சள் கரு தீர்ந்ததும் குஞ்சு திடீரெனத் தளர்ந்து விழுகிறது.

இதற்கு அனுபவசாலிகள் சில உத்திகளைக் கையாளுகின்றனர். சிறிய மாவுப் புழுக்களை நெளியவிடுவர். நீர்க் கிண்ணத்தில் மிதக்கும் பச்சைப் பாசியின்மேல் தீவனத்தைத் தூவுவர். வேகவைத்த மஞ்சள் கருவைப் பொடித்துக் கலப்பர். இவற்றைவிடச் சிறந்த வழி, ஏற்கெனவே தின்னக் கற்றுக்கொண்ட ஒரு குஞ்சைச் சில நாள் உடன் விடுவதாகும். அது கொத்துவதைப் பார்த்து மற்றவையும் கொத்தும். இந்தக் குட்டி ஆசிரியர் நலமான குஞ்சாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குஞ்சு தின்கிறதா என்பதை உறுதிப்படுத்தச் சமையலறைத் தராசு உதவும். தொடக்கத்தில் எடை சற்றுக் குறையலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகும் குறைந்துகொண்டே போனால், அக்குஞ்சு தின்னவில்லை.

தீவனத்தின் தரமும் உயிர்ப் பிரச்சினையே. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் இறந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை வளர்ந்து நஞ்சாகியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். அதனால் மிக எளிதில் பாதிக்கப்படும் உயிர்களுள் வாத்துக் குஞ்சும் ஒன்று. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் தீவன மூட்டையைத் திறந்து வைத்தால் விரைவில் பூஞ்சை பிடிக்கும். கட்டி தட்டிய தீவனத்தையும் பூஞ்சை நாற்றம் வீசும் தீவனத்தையும் வெயிலில் காயவைத்துப் போடக்கூடாது. நஞ்சு வெயிலில் போய்விடாது. கோழிக் குஞ்சுத் தீவனத்தை மட்டுமே கொடுப்பவர்கள் சிறிது ஈஸ்ட் கலப்பதும் நல்லது. நியாசின் என்னும் உயிர்ச்சத்து வாத்துக்கு அதிகம் தேவை. அது குறைந்தால் கால்கள் வளைந்துவிடும்.

வழுக்கும் செய்தித்தாளைத் தரையில் விரித்தாலும் கால்கள் அகன்று முடமாகும். ரப்பர் விரிப்பே ஏற்றது. பெட்டிக்கு வலை மூடியும் வேண்டும். பொந்திலிருந்து குதிக்கப் பிறந்த குஞ்சு பெட்டியிலிருந்தும் ஏறிக் குதிக்கும். எலியும் பாம்பும் உள்ளே நுழையாமலும் அந்த வலை தடுக்கும்.

இறகுகள் முளைத்து நிறைய ஏறத்தாழ எட்டு வாரமாகும். அதன்பின் வெயில் உள்ள காலை வேளையில் முதன்முறையாகக் குளத்தில் விடலாம். கரையேறியதும் நெஞ்சுப் பகுதியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியிருந்தால் மறுநாளும் விடலாம். இறகு நனைந்து ஒட்டியிருந்தால், இன்னும் ஒரு வாரம் கூண்டிலேயே இருக்கட்டும்.