‘கர்ர்ர்’ என்று இரையும் கிதார்! நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற பெட்டி எது?

கர்ர்ர்ர்...!

ஆயிரம் வண்டுகள் ஒன்றாக இரைவது போல ஒரு சத்தம். அதற்குள்ளே ஒரு ராகம் ஓடுகிறது. சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. நீண்டு கொண்டே போகிறது.

இது வண்டும் அல்ல, மோட்டாரும் அல்ல. எலெக்ட்ரிக் கிதார்தான் இப்படி இரைகிறது. கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வாசிப்பவர் அதைக் காலால் மிதிக்கிறார். உடனே கிதாரின் குரல் மாறி விடுகிறது.

அந்தப் பெட்டிக்கு ‘ஃபஸ் பெடல்’ என்று பெயர். (காரைக்குடிக்குப் போகும் பஸ்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

செட்டிநாட்டில், காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ளது மானகிரி. அங்கே ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறார். பங்குனி பிறந்தால் அம்மன் கோவில்களில் திருவிழா. ஊருக்கு ஊர் கச்சேரி. அதற்குள் ஒரு ஃபஸ் பெடல் வாங்க வேண்டும் என்று சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து இருக்கிறார். ஒன்றுதான் வாங்க முடியும். தவறிப் போனால் அடுத்த திருவிழா வரை காத்திருக்க வேண்டும்.

அவருடைய அப்பா கேட்கிறார்: “ஏண்டா, நல்லா இருக்கிற வாத்தியத்தைக் காசு கொடுத்துக் கெடுக்கிறதா?”

நியாயமான கேள்வி. பதில் நம் வீட்டு வாத்தியத்திலேயே இருக்கிறது.

தம்புராவின் நூல்

தம்புராவைப் பார்த்து இருப்பீர்கள். தந்திகள் ஒரு அகலமான குதிரையின் மேல் படிந்து போகும். அங்கே ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு சிறு நூல் இருக்கும். அந்த நூலை மயிரிழை அளவு முன்னே பின்னே நகர்த்துவார்கள். ஒரு இடம் வந்ததும் தம்புரா திடீர் என்று ‘ஙொய்ய்ய்’ என்று இரையத் தொடங்கும். ஓசை விரிந்து கூடத்தை நிறைக்கும். இதற்கு ‘ஜீவா’ என்று பெயர். ஜீவா என்றால் உயிர்! நூலை எடுத்து விட்டால் சத்தம் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் உயிர் இருக்காது.

ஆக, சுத்தமான ஓசையில் வேண்டும் என்றே இரைச்சல் சேர்ப்பது நமக்குப் பழக்கமான வித்தைதான்.

வீணையின் கதையும் அதுதான். அதன் குதிரையின் மேல் உள்ள உலோகத் தகட்டின் வளைவுதான் தந்திக்குக் கார்வை கொடுக்கிறது. வீணை என்றால் காரைக்குடி சகோதரர்களை மறக்க முடியாது. அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். தம்பி சாம்பசிவ ஐயர் 1958-ம் ஆண்டு வரை வாழ்ந்தவர். மானகிரிக்குப் பக்கத்து ஊரின் பெயரே ஒரு வீணை பாணிக்குப் பெயர் ஆகி விட்டது.

1965-ம் ஆண்டில் லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். ‘யார்ட்பேர்ட்ஸ்’ என்ற குழுவினர் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். அதற்காகச் சித்தார் வாசிக்கும் ஒருவரை அழைத்து வந்தார்கள். ஆனால், சித்தாரின் ஓசை பதிவில் போதுமான வலுவுடன் அமையவில்லை. குழுவின் கிதார்க்காரர் ஜெப் பெக் ஒரு ஃபஸ் பெட்டியை எடுத்தார். சித்தாரின் இரைச்சலைக் கிதாரிலேயே கொண்டு வந்து விட்டார்! அந்தப் பாட்டு பெரும் வெற்றி பெற்றது.

பழுது கொடுத்த பரிசு

இந்தப் பெட்டி பிறந்ததே ஒரு விபத்தினால்தான்.

அமெரிக்காவில் நாஷ்வில் என்ற நகரம். 1960-ம் ஆண்டின் கடைசியில் அங்கே மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து கொண்டிருந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியின் ஒரு பகுதி திடீர் என்று பழுதாகி விட்டது. அந்த வழியாக வந்த கிராடி மார்ட்டினின் கிதார் ஓசை கரகரத்தது. அழித்து விட்டு மறுபடி வாசிக்கலாமா என்று யோசித்தார்கள். ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்று விட்டு விட்டார்கள். 1961-ல் இசைத்தட்டு வெளிவந்தது. கேட்டவர்கள் ‘இது என்ன புது வாத்தியம்?’ என்றார்கள்.

கிளென் ஸ்னாடி என்பவர் அங்கே ஒலிப்பதிவு இன்ஜினீயர். பழுதான கருவி தந்த சத்தத்தை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு பெட்டிக்குள் அடைத்தார். கிப்சன் கம்பெனி 1962-ல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. எக்காளம் போன்ற குழல் வாத்தியங்களின் ஓசை கிதாரிலேயே வரும் என்று விளம்பரம் செய்தார்கள். அப்படியும் வியாபாரம் படுத்து விட்டது. பெட்டிகள் தூங்கின.

1965-ல் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவினரின் ‘சாட்டிஸ்பாக்ஷன்’ வந்தது. அதில் கீத் ரிச்சர்ட்ஸ் இந்தப் பெட்டியை மிதித்து வாசித்தார். பிறகு அந்த இடத்தில் குழல் வாத்தியங்களைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குள் பாட்டு வெளியாகி உலகமெங்கும் பரவி விட்டது. தூங்கிய பெட்டிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன!

இதற்கு முந்திய ஆண்டு, ‘கிங்க்ஸ்’ குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைப் பிளேடால் கிழித்தே விட்டார், கரகரப்பு வர வேண்டும் என்று! பெட்டி வாங்குவது அதைவிட மேல் அல்லவா?

குன்றும் மொட்டை மாடியும்

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கிதாரின் ஓசை அலை, குன்று போல ஏறி இறங்கும். பெட்டி அதைப் பல மடங்கு பெரிதாக்குகிறது. ஆனால் பெட்டிக்குள் இருப்பது 9 வோல்ட் பேட்டரி. அதற்கு மேல் அலை எழும்ப முடியாது. குன்று கூரையில் முட்டுகிறது. அதன் தலை தட்டையாகி விடுகிறது. குன்று, மொட்டை மாடியாகி விட்டது!

தலை தட்டையானதும் அசல் சுரத்தோடு பல கிளை ஒலிகள் பிறக்கின்றன. அதுதான் இரைச்சல். இன்னொரு லாபமும் உண்டு. தந்தியின் அதிர்வு மெல்ல மெல்லக் குறையும்போதும், பெட்டி அதைப் பெரிதாக்கிக் கூரைக்குத் தள்ளிக் கொண்டே இருக்கிறது. ஆகவே சுரம் நீண்ட நேரம் நிற்கும். கமகம் கொடுத்து வாசிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

ஆனால் பல தந்திகளைச் சேர்த்து அடித்தால் குழம்பிப் போகும். ஒற்றைச் சுரமும், ஸ-ப சேர்க்கையும்தான் இதில் எடுபடும். நம் சங்கீதமோ ஒற்றைச் சுரமாகவே நடப்பது. ஸ-ப-வும் தம்புரா தருவதுதான். கர்நாடக சங்கீதத்தைக் கிதாரில் வாசிக்கும் பிரசன்னா, 2006-ல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லாண்ட்’ என்ற ஆல்பம் வெளியிட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் கிதார் மேதைக்கு அது காணிக்கை. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு அந்தப் பெயரே பிடிக்கும்.

வெயிலில் குணம் மாறும்

இனிமேல்தான் மானகிரி வாலிபருக்கு முக்கியமான சங்கதி.

ஃபஸ் பெடலின் உயிர், புளியங்கொட்டை அளவுள்ள டிரான்சிஸ்டரில் இருக்கிறது. அதில் இரண்டு ஜாதி. ஒன்று ஜெர்மானியம். மற்றொன்று சிலிக்கான். ஆரம்பத்தில் வந்த பெட்டிகள் எல்லாம் ஜெர்மானியம். 1966-ல் லண்டனில் ‘ஃபஸ் பேஸ்’ என்ற வட்டமான பெட்டி வந்தது. ஐவர் ஆர்பிட்டர் என்ற வியாபாரி, மைக் ஸ்டாண்டின் கனத்த அடித்தட்டைப் பார்த்து அந்த உருவத்தைப் பிடித்தாராம். ஹெண்ட்ரிக்சின் காலடியில் இருந்தது அதுதான். முதலில் ஜெர்மானியம், 1960-களின் கடைசியில் சிலிக்கான்.

ஜெர்மானியத்தின் ஓசை இழைந்து வரும். காதில் குத்தாது. கிதாரில் உள்ள சத்தத் திருகைக் கொஞ்சம் குறைத்தால் இரைச்சல் மறைந்து தெளிவு வரும். மறுபடி கூட்டினால் இரையும். காலை எடுக்காமலே இரண்டு குரல்! இதனால்தான் பலர் ஜெர்மானியத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.

ஆனால் அதற்கு வெயில் ஆகாது!

குழாயை மூடிய பிறகும் தண்ணீர் சொட்டும் அல்லவா? அதுபோல டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கொஞ்சம் கசியும். ஜெர்மானியத்தில் இந்தக் கசிவு அதிகம். வெப்பம் 10 டிகிரி ஏறினால், கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 20 டிகிரி உள்ள ஒரு லண்டன் அறையில் சரி பார்த்த பெட்டியை 40 டிகிரி வெயிலுக்குக் கொண்டு வந்தால், கசிவு நாலு மடங்கு!

ஃபஸ் பேஸ் போன்ற பெட்டியில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் ஒரு முனையில், பேட்டரியின் பாதி அளவு, அதாவது சுமார் நாலரை வோல்ட் நின்றால்தான் ஓசை சீராக இருக்கும். கசிவு கூடினால் இந்தக் கணக்குத் தப்பி விடும். ஓசை அடைத்துக் கொள்ளும். விக்கல் எடுத்தது போலச் சுரம் நடுவில் அறுந்து போகும்.

குளிர்சாதனம் உள்ள பட்டணத்துக் கடையில் வாசித்துப் பார்த்தால் அது தேனாக இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டு வளவில், விடியற்காலையில், அப்போதும் தேன்தான். பங்குனி மாதத்தில் தகரப் பந்தலுக்குக் கீழே, விளக்குகள் சுடும் மேடையில், அதே பெட்டி முரண்டு பிடிக்கும். பெட்டியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. குளிர் நாட்டில் பிறந்த பிள்ளை அது.

சிலிக்கான் இவ்வளவு வெயிலையும் தாங்கும். அதன் ஓசை சற்றுக் கூர்மையானது; கத்தி போலப் பாயும். சில பெட்டிகளில் ரேடியோ நிலையமே உள்ளே புகுந்து பேசுவதும் உண்டு! ஆனாலும் காலையில் எப்படியோ, இரவிலும் அப்படியே. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவர் செட்டிநாட்டில் சிலிக்கான் வாங்குவதே புத்திசாலித்தனம். ஜெர்மானியம்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் செய்தால், ‘பயாஸ்’ என்ற தனித் திருகு உள்ள பெட்டியாகப் பார்க்க வேண்டும். அந்த நாலரை வோல்ட்டை மேடையிலேயே திருகிச் சரி செய்து கொள்ளலாம்.

கடையில் என்ன பார்ப்பது?

சொந்தக் கிதாரை எடுத்துப் போக வேண்டும். கடைக்காரரின் கிதாரில் நன்றாக இருந்தது, நம் கிதாரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே பெயர் போட்ட இரண்டு ஜெர்மானியப் பெட்டிகள்கூட அண்ணன் தம்பி போலத்தான். ஒன்று போல் இருக்காது. ஆகவே வாசித்துப் பார்த்த அதே பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும்.

தனியாகக் கேட்டு மயங்கவும் கூடாது. நியூயார்க்கில் 1969-ல் பிறந்தது ‘பிக் மப்’ என்ற பெட்டி. அதில் சிலிக்கான்தான். தனியாக வாசித்தால் மலை இடிந்தது போல் இருக்கும். ஆனால் நடு ஓசையை அது பள்ளமாக்கி விடும். கீபோர்டும் டிரம்சும் சேர்ந்ததும் கிதாரைக் காணோம்! மெல்லிசைக் குழுவுக்கு இது பெரிய குறை.

திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஒரு பக்கம், சீரியல் விளக்கு ஒரு பக்கம். அவற்றின் ‘உம்ம்’ என்ற முனகலையும் பெட்டி சேர்த்துப் பெரிதாக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிதாரின் சத்தத்தை மூடி விட வேண்டும்.

பேட்டரி சங்கதியும் உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் கிதார் வயரைச் சொருகியதுமே பேட்டரி ஓடத் தொடங்கி விடும். காலால் மிதித்து நிறுத்தினாலும் உள்ளே ஓடிக் கொண்டுதான் இருக்கும். இரவு வயரைப் பிடுங்காமல் தூங்கினால் நாளடைவில் பேட்டரி செத்து விடும். (பேட்டரிகளை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் பெரிய கூடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உண்டான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் திறந்தார்கள்.)

பதினொரு சாமான்

பணம் போதவில்லையா? தானே செய்து கொள்ளவும் வழி உண்டு.

பழைய ‘ஃபஸ் பேஸ்’ பெட்டியைத் திறந்தால் சிரிப்பு வரும். உள்ளே மொத்தம் பதினொரு சாமான்தான். டிரான்சிஸ்டர் இரண்டு. ரெசிஸ்டர் நாலு. கெபாசிட்டர் மூன்று. திருகு இரண்டு. பற்ற வைக்கத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஜெர்மானியத்துக்குத்தான் தேட வேண்டும். முன்பு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவற்றைச் செய்தார்கள். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் ஜெர்மானியமே. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பழைய ரேடியோக்களும் அங்கே கண்ணில் படும். ஓடுகிற ரேடியோவை உடைக்க வேண்டாம். ஓடாத ரேடியோவாக வாங்கி, ஒவ்வொரு டிரான்சிஸ்டராக மீட்டரில் வைத்துக் கசிவைப் பார்க்க வேண்டும். பலவற்றைக் கழித்த பிறகு ஒன்றிரண்டு தேறும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஜெர்மானியப் பெட்டி பலவற்றில் பேட்டரியின் கூட்டல் முனைதான் உடலோடு சேர்ந்து இருக்கும். மற்ற பெடல்களில் கழித்தல் முனை. இரண்டையும் ஒரே அடாப்டரில் மாட்டினால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து விடும். அதற்குத் தனிப் பேட்டரிதான் போட வேண்டும்.