மட்டியும் மடையனும் எங்கள் லயத்தில்

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு போலிக் குருமார் அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள். ஒருவர் லயத்துத் தமிழர்களின் பரமார்த்த குரு. மற்றவர் வேலிக்கு அப்பால் சிங்களக் கிராமத்து மஹதெனமுத்தா, எல்லாம் தெரிந்த கிழவனார். இருவருக்கும் ஆளுக்கு ஐந்து சீடர்கள். எதைக் கேட்டாலும் இருவரிடமும் பதில் இருக்கும். சென்ற வாரம் எழுதிய காமன் கூத்து மாசியில் மட்டும்தான் வரும். இந்த இருவரும் வருடம் முழுவதும் வாயோடு வாயாக உலவுகிறார்கள். அதனால் இந்த வாரத்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

பரமார்த்த குருவை எழுத்தில் வைத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த பாதிரியார், 'தேம்பாவணி' எழுதிய அதே கை. அந்தக் கதைகளை 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்களுக்குப் பெயர் வைத்ததிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடுகிறது. எங்கள் லயங்களில் ஆறு தூங்கும் கதையும் குதிரை முட்டைக் கதையும் தெரிந்த பாட்டிமார் பலர் அந்தப் புத்தகத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை.

ஆற்றங்கரைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து என்பது குருவின் தீர்மானம். ஆறு தூங்குகிறதா என்று பார்த்துவரக் கொள்ளிக்கட்டையோடு ஒரு சீடன் போகிறான். எரியும் கட்டையைத் தண்ணீரில் வைத்ததும் 'சுர்'ரென்று புகை எழும்புகிறது. ஐயோ, ஆறு முழித்துக்கொண்டிருக்கிறது! எல்லோரும் காத்திருக்கிறார்கள். பிறகு அதே கட்டையை, இப்போது அணைந்துபோனதை, எடுத்துப்போய் வைக்கிறான். சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது. மூச்சுக்காட்டாமல் கடக்கிறார்கள். களனி கங்கை மழைக்காலத்தில் பெருக்கெடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னால் அது சிரிப்பதைப் பார்க்க வேண்டும். ஆற்றின் குணம் குருவை விட அதற்கு நன்றாகத் தெரியும்.

மஹதெனமுத்தாவின் சீடர்களில் ஊசிபோல மெலிந்த இந்திகட்டுபஞ்சாவும் உண்டு, வயிறு பெருத்த றப்பட ஐயாவும் உண்டு. அவருடைய கதைகளில் பேர்போனது ஆட்டுக் கதை. ஓர் ஆடு பானைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்கிறது. ஊரார் கிழவனாருக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் யானை மேல் வருகிறார். யானை நுழைய வாசல் போதாது என்று மதிலை இடிக்கச் சொல்வதாகச் சிலர் சொல்வார்கள். வந்ததும் ஆட்டின் தலையை வெட்டச் சொல்கிறார். தலை பானைக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. அப்படியென்றால் பானையை உடையுங்கள் என்கிறார். ஆடும் போயிற்று, பானையும் போயிற்று.

இரண்டு குருமாரும் ஒரே அச்சு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மஹதெனமுத்தாவின் மடமைக்கு விலை கொடுப்பது ஆட்டுக்காரன். குரு யானை மேலேயே திரும்பிப் போகிறார். பரமார்த்த குருவின் மடமையோ அவர் தலையிலேயே விடிகிறது. குதிரையிலிருந்து குரு விழுந்த கதையை நினைத்துப் பாருங்கள். கீழே விழுவதில் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அவர் ஓலையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். குழிக்குள் குருவே விழுந்து கிடக்கும்போது சீடர்கள் ஓலையைப் படித்துப் பார்க்கிறார்கள். குருவின் பெயர் அதில் இல்லை. ஓலையில் உள்ளபடி துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கிடந்த கிடையிலேயே தன்னையும் எடுக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள். தன் வார்த்தையை எல்லோரும் அப்படியே கேட்க வேண்டும் என்று விரும்பியவருக்குக் கிடைத்த சீடர்கள் இவர்கள்.

தோட்டத்துக்காரர் இந்த இரண்டு கதையையும் உடம்பால் அறிந்தவர்கள். துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மேலிருந்து கீழே இறங்கிவந்த கட்டளைகளுக்கு எதிர்க்கேள்வி கிடையாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தராசில் கொழுந்துப் பை தொங்குகிறது. முள் ஓய்வதற்குள் கணக்கு எழுதியாகிவிட்டது. சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. வெயில் கொளுத்திய ஒரு நாள், ஒரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் அக்கா கேட்டார்: "ஐயா, மழையே பெய்யலையே, எந்தத் தண்ணிக்குக் கழிக்கிறீங்க?" பதில் இப்படி வந்தது: "எப்பவும் கழிக்கிறதுதான், நகருங்க." அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மாட்டு நிழலுக்கு வாடகை கேட்ட கதைதான்." வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளைக்கும் அந்தக் கதை தெரியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கழிவு குறையவில்லை. ஆனால் அது அநியாயம் என்பது எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டுவிட்டது.

தெரியாதவர்களுக்கு: மரமே இல்லாத பொட்டலில் வாடகை மாட்டின் நிழலில் குரு ஒதுங்கினார். மாட்டுக்காரன் ஏறிவந்ததற்கு வேறு, நிழலுக்கு வேறு என்று வாடகை கேட்டான். ஊர்ப் பெரியவர் ஒருவர், குழம்பு வாசனைக்குக் காசு கேட்ட சத்திரக்காரனின் மூக்கில் பணமுடிப்பைத் தேய்த்து 'வாசனைக்கு வாசனை சரி' என்று தீர்த்த பழைய வழக்கைச் சொல்லி, அதே முறையில் இந்த வழக்கையும் முடித்துவைத்தார்.

ஆற்றைக் கடந்த பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் கதை. குருவோடு சேர்த்து ஆறு பேர். கரையேறி எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஐந்து. அடுத்தவன் எண்ணுகிறான். அதே ஐந்து. ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் தடியெடுத்து ஒவ்வொருவராக அடித்து, அடிபட்டவன் தன் பேரைச் சொல்ல வைத்து ஆறு பேரையும் காட்டுகிறான்.

பிரட்டுக்களத்தில் தினமும் பேர் கொடுத்த எங்கள் மக்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டின் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. தேயிலையும் இறப்பரும் எண்ணப்பட்டன. கொழுந்து கிள்ளியவளும் பால் வெட்டியவனும் எண்ணப்படவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களில் 975,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்துவிட்டார்கள். அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரிக்க 1974 வரை ஆனது. எஞ்சியிருந்தவர்களுக்கு நாடு பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பேரைச் சொல்ல வைத்த அடிகளும் பல விழுந்தன. சப்ரகமுவ மாகாணத்து லயங்களிலிருந்து தமிழருக்கு எதிரான வன்செயல்களுக்குப் பயந்து வவுனியாப் பக்கம் போனவர்களுக்கு அது தெரியும்.

இவ்வளவு பட்ட பிறகும் இரண்டு குருமாரும் வேலியைத் தாண்டிப் போய்வருவதுதான் எனக்குப் பெரிய விஷயம். இறப்பர்க் காட்டில் விடியலில் சிரட்டை துடைக்கும்போது கிராமத்து அக்காவும் தோட்டத்து அக்காவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நிற்கிறார்கள். ஆட்டின் தலை தமிழுக்கு வந்ததும் ஆற்றின் தூக்கம் சிங்களத்துக்குப் போனதும் அந்த நிரைகளில்தான். பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் இரண்டாம் மொழிப் பாடமாக இருக்கின்றன. அந்தப் பாடத்துக்கு இந்த இரண்டு குருமாரையும் ஒரே புத்தகத்தில், இரண்டு மொழியிலும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். இதை நான் பல ஆசிரியர்களிடம் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

றக்வானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்து வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் ஆட்டுக் கதைக்கு வேறு முடிவு இருந்தால், சொன்னவரின் வயதையும் அவர் எந்த மொழியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் குதிரை முட்டை.